கடைசிக் காட்சியில் கரைமேல் யார்?

ஆவாரங்காட்டின் நடுவில் ஓர் அல்லிக்குளம் இருந்தது. குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வௌவால் குகை இருந்தது. அந்தக் காட்டு விலங்குகளுக்கு இந்த இரண்டும் இல்லாமல் பொழுது போகாது. காலையில் குளத்தில் தண்ணீர் குடிக்கும். வெயில் சாய்ந்ததும் குகையில் படம் பார்க்கும்.

ஆமாம், படம்தான்! குகையின் ஒரு பக்கம் ஒரு பொந்து இருந்தது. சாயங்கால வெயில் அதன் வழியாக நுழைந்து எதிர்ச் சுவரில் விழும். பொந்தை ஒட்டி நின்றால் எலிகூடச் சுவரில் யானை அளவுக்குத் தெரியும். இதைக் கண்டுபிடித்தது சித்திரவாயன் என்ற நரி. கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவன்தான்.

கதாநாயகன் கட்டாரி. அவன் ஒரு கழுதைப்புலி. முன்னங்கால் ஒன்று நொண்டி. வேட்டையாடத் தெம்பில்லாமல் மற்றவர் மிச்சம் வைத்த எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவன். சுவரில் விழுந்ததும் அவன் கதையே வேறு! மலை போல நிழல், வாள் போலப் பல். அவன் தலை திரும்பினாலே குரங்குகள் எழுந்து நின்று விசில் அடித்தன. பாட்டுக்குக் கின்னரி என்ற மைனா. கட்டாரி வாய் திறக்கும் முன் அவள் ஓர் இழுப்பு இழுப்பாள். பாறைக்கே புல்லரிக்கும்.

வில்லன்? முள்ளம்பன்றிதான்.

நடித்தது என்னவோ செம்பன் என்ற கீரி. முதுகில் முள்ளைக் கட்டிக்கொண்டு வருவான். மான்குட்டியைக் கடத்துவான். குளத்தில் விஷம் கலப்பான். கட்டாரி வந்து நாலு சாத்துச் சாத்துவான். கடைசிக் காட்சியில் கட்டாரி குளக்கரைமேல் ஏறி உட்காருவான், மான்களும் முயல்களும் வரிசையாக வந்து கும்பிடும். சுபம்!

அந்த முள்ளைக் கொடுத்தது யார் தெரியுமா? முள்ளாச்சி. நிஜ முள்ளம்பன்றி. குளக்கரையில் வளை தோண்டிக் குட்டிகளோடு வாழ்ந்தவள். காட்டிலேயே அவளைப் போலப் படப் பைத்தியம் கிடையாது. எல்லாப் படத்துக்கும் முதல் நாளே போய் முதல் வரிசையில் உட்காருவாள். நரி வந்து உதிர்ந்த முள் வேண்டுமென்று கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம முள்ளு படத்துல வருது!" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வில்லன் அடி வாங்கும்போது எல்லோரையும்விட அவள்தான் அதிகமாகக் கைதட்டினாள். "போடு! இன்னும் ரெண்டு போடு!" என்று கத்தினாள். தன் முதுகைத் தானே அடிக்கச் சொல்கிறோம் என்று அந்த வெகுளிக்குத் தோன்றவே இல்லை.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. காட்டில் ஏதோ ஒன்று மெல்ல மாறியது.

முள்ளாச்சி தண்ணீர் குடிக்க வந்தால் மான்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தன. அவள் தோண்டிக் கொடுத்த வளையிலேயே குடியிருந்த முயல், அவளைக் கண்டால் உள்ளே ஓடி ஒளிந்தது.

"என்ன முயலண்ணே, நான்தான்!"

"தெரியும். அதான் பயமா இருக்கு!"

அவள் சிரித்தாள். முயல் விளையாடுவதாக நினைத்துக்கொண்டாள். முயல் விளையாடவில்லை.

கோடை வந்தது. அப்போதுதான் நரி தன் பெரிய படத்தை விட்டான். அதில் முள்ளம்பன்றிக் கூட்டம் குளத்தையே உறிஞ்சிக் குடிக்கிறது. கட்டாரி ஒரே உதையில் அத்தனையையும் காட்டுக்கு வெளியே தள்ளுகிறான். தள்ளிவிட்டுச் சொல்கிறான்: "கட்டாரி கால் வச்ச இடத்துல புல்லுகூட அனுமதி கேட்டுத்தான் முளைக்கும்!"

குகை இரண்டாகப் பிளந்துவிடும்போல விசில்! குரங்குகளுக்கு வெறி பிடித்தது. குகை வாசலில் கட்டாரியின் சாயலில் ஒரு பாறை நின்றது. அதற்குத் தினமும் அபிஷேகம் செய்ய ஆரம்பித்தன. சுரைக்குடுக்கைகளில் குளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு வந்து பாறைத் தலையில் கொட்டின. "எங்கள் காவலன் வாழ்க!" கோடையில், வற்றிக்கொண்டிருந்த குளத்திலிருந்து! பாறை குளிர்ந்தது. குளம் சேறானது. நடுவில் ஒரு குழித் தண்ணீர்தான் மிஞ்சியது.

"தண்ணி எங்கே போச்சு?" என்று கரடி கேட்டது.

"முள்ளு குடிச்சிருக்கும்!" என்றது ஒரு குரங்கு. அதன் கையில் குடுக்கை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா, முள்ளுதான்! படத்துல பார்த்தோமே!" என்றன மற்றவை.

அன்று மாலை நரியும் கட்டாரியும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"இனி நீங்க ஓடிப் பிடிக்க வேண்டாம், தலைவரே. கரைமேல சும்மா உட்காருங்க. தாகம் எடுத்தா எல்லாம் உங்ககிட்டத்தான் வரணும். கொழுத்ததா பார்த்து ஒண்ண எடுத்துக்குங்க."

"யாராவது கேட்டா?"

"முள்ளு தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு!"

மறுநாள் காட்டுக் கூட்டம் கூடியது. கிழட்டு மான் கொம்பையா தீர்ப்புச் சொன்னார். முள்ளம்பன்றிகள் காட்டை விட்டுப் போக வேண்டும். குளத்துக்குக் கட்டாரி காவல். அடுத்த நாள் சாயங்காலம் பதவியேற்பு.

முள்ளாச்சி காட்டின் எல்லைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். காட்டுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை சூடேறிய பாறை. சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் குட்டிகளுக்கு முள் இன்னும் முற்றவில்லை. நடந்தால் குட்டிகள் வழியிலேயே சுருண்டு விழுந்துவிடும். இதைவிட ஒன்று அவளை அறுத்தது. தீர்ப்புக்குக் கைதட்டியவர்கள் எல்லோரும் குகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்.

வளைக்குத் திரும்பியபோது வாசலில் குரங்குக் குட்டிகள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தன.

"முள்ளு முள்ளு திருட்டு முள்ளு! கல்லெடுத்து மண்டையில தள்ளு!"

உள்ளே அவள் குட்டிகள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தன. மரக்கிளையில் கின்னரி மைனா உட்கார்ந்திருந்தாள். அது படத்தில் அவள் பாடிய பாட்டு. முள்ளாச்சியைக் கண்டதும் இறங்கி வந்தாள்.

"அக்கா, சத்தியமா மெட்டு நல்லா இருக்கேன்னுதான் பாடினேன். இதுக்குன்னு தெரியாது!"

"நீ பாட்டுக் குடுத்தே. நான் முள்ளு குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னைத் துரத்தியிருக்கோம்!"

மைனா அழுதாள். முள்ளாச்சி அழவில்லை. பார்த்த படங்களை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அத்தனை படத்தையும் முதல் வரிசையிலிருந்து பார்த்தவள் ஆயிற்றே! கதை மாறியது, பாட்டு மாறியது. ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் மாறவே இல்லை. அது என்னவென்று புரிந்ததும் அவள் முட்கள் சிலிர்த்துக்கொண்டன.

"கின்னரி, அழுதது போதும். நாளைக்கு நாம ஒரு படம் காட்டப் போறோம்!"

அடுத்த நாள் சாயங்காலம் பதவியேற்புக்காக எல்லோரும் குகை வாசலில் கூடியிருந்தார்கள். முள்ளாச்சி நரியின் முன்னால் போய் நின்றாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு படம் காட்டிட்டுப் போறேன். என் ஆசை அவ்வளவுதான்."

நரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீ படம் காட்டுறியா? காட்டு, காட்டு! நாங்க அதுக்குள்ள கரையில தலைவருக்கு இடம் தயார் பண்றோம்!" என்று கட்டாரியை அழைத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டான்.

வெயில் பொந்தில் விழுந்தது. மைனா பழைய மெட்டை எடுத்தாள். சுவரில் கதாநாயகன் வந்தான். இந்தத் தடவை அது செம்பன். "எத்தனை படத்துல அடி வாங்கியிருக்கேன்! ஒரு தடவையாவது அடிச்சுப் பார்க்கிறேனே!" என்று ஓடி வந்து சேர்ந்துகொண்டவன்.

கூட்டம் விசில் அடித்தது. பாட்டு, சண்டை, கண்ணீர் எல்லாம் வழக்கம்போலவே. அப்புறம் வில்லன் வந்தான். குளத்தை எட்டிப் பார்த்துப் பயங்கரமாகச் சிரித்தான். அவன் தலையில் இரண்டு கிளைக் கொம்புகள்!

முள்ளாச்சிதான் அது. முட்களைப் படியவைத்து மேலே தழையைப் போர்த்து, தலையில் சுள்ளிகளைக் கட்டியிருந்தாள்.

"கொம்பு கொம்பு திருட்டுக் கொம்பு!" என்று மைனா பாடினாள். மெட்டுப் பழகிப்போனதால் குரங்குகளும் சேர்ந்து பாடின. கொம்பு வில்லன் முயல்குட்டியைக் கடத்தினான். செம்பன் அவனைப் புரட்டி எடுத்தான். "போடு! இன்னும் ரெண்டு போடு!" என்று முயல் எகிறிக் குதித்தது. குதித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த கொம்பையாவைப் பார்த்தது. மெல்லத் தள்ளி உட்கார்ந்தது.

கொம்பையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நிறுத்து! மான் எப்போ திருடிச்சு? எங்க வம்சத்துலயே அப்படி ஒருத்தன் கிடையாது!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. படம்தானே!" என்றாள் முள்ளாச்சி.

"படமா? இப்பவே இந்த முயல் என்னைப் பார்த்துத் தள்ளி உட்காருது!"

"அப்படியா? அப்போ அடுத்த படம் போடுறேன்."

சுள்ளிகளை எடுத்துவிட்டு இரண்டு நீண்ட வாழை மட்டைகளைக் காதாகச் செருகிக்கொண்டாள். மைனா அதே மெட்டில் தொடங்கினாள். "காது காது திருட்டுக் காது!"

"ஐயையோ!" என்று முயல் அலறியது. "என் பிள்ளைங்க வெளியில தலைகாட்ட முடியாதே!"

முள்ளாச்சி மட்டைகளை வீசி எறிந்துவிட்டு வெளிச்சத்தில் வந்து நின்றாள். சுவர் நிறைய முட்கள் எழுந்தன.

"ஒரு படத்துக்கே உங்களுக்கு இப்படி இருக்கு. நான் எத்தனை படம் பார்த்திருக்கேன்! கைதட்டிட்டு வேற பார்த்தேன்! சரி, என்னை விடுங்க. ஒரே ஒரு கேள்வி. கொம்பு வில்லனோ, காது வில்லனோ, முள்ளு வில்லனோ, யாரா இருந்தா என்ன? இத்தனை நாளா நரி காட்டின படத்துல எல்லாம் கடைசிக் காட்சியில கரைமேல உட்கார்ந்தது யாரு?"

எல்லோரும் யோசித்தார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கட்டாரி," என்றது கரடி.

"கும்பிட்டது யாரு?"

"நாமதான்."

"இப்போ, இந்த நேரத்துல கட்டாரி எங்கே?"

எல்லோரும் குளத்தை நோக்கி ஓடினார்கள்.

கட்டாரி கரைமேல் உட்கார்ந்திருந்தான். அவனும் நரியும் தண்ணீருக்குப் போகும் வழியையெல்லாம் முள்மரக் கிளைகளால் அடைத்து, அவனுக்கு முன்னால் மட்டும் ஒருவர் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தார்கள். ஓடி வந்த களைப்பில் ஒரு மான்குட்டி தண்ணீர் குடிக்கச் சந்தில் நுழையப் போனது. கட்டாரி அதன் தொடையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான். கொம்பையா பாய்ந்து குட்டியை இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு இந்த அடைப்பு?" என்று கேட்டார்.

கட்டாரி நெஞ்சை நிமிர்த்தினான். தலையைச் சாய்த்தான். படத்தில் வருவதுபோலவே ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"கட்டாரி கால் வச்ச இடத்துல..."

நிறுத்தினான். இங்கேதான் மைனா அந்த இழுப்பு இழுக்க வேண்டும். அவன் காத்திருந்தான். கின்னரி கிளையில் உட்கார்ந்து அலகைச் சொறிந்துகொண்டிருந்தாள். விசில் இல்லை. இசை இல்லை. வெயிலில் நின்றது ஒரு நொண்டிக் கழுதைப்புலி. கரடியின் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"புல்லுகூட..." என்று ஆரம்பித்தான். குரல் கீச்சென்றது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது குரங்குதான். அப்புறம் குளக்கரை முழுக்கச் சிரிப்பு!

"வசனத்தை முடிச்சிட்டுப் போங்க, தலைவரே!" என்றாள் முள்ளாச்சி. முட்களை விரித்துச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு கரையேறினாள். அவள் பின்னால் கொம்பையா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அவர் பின்னால் கரடி வந்தது. கட்டாரி வேட்டையாடத் தெம்பில்லாத நொண்டி என்று சொன்னேன் அல்லவா? அன்று ஓடினான்! நரி அவனுக்கு முன்னாலேயே ஓடிவிட்டான். அந்தச் சூடேறிய பாறை வெளியில் இருவரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

கொம்பையா முள்ளாச்சியின் முன் தலை குனிந்து நின்றார். "தப்புப் பண்ணிட்டோம், தாயி. நீ எங்கேயும் போக வேண்டாம்."

"போறதா நானும் நினைக்கலை!" என்றாள் அவள்.

குகை வாசலுக்குத் திரும்பிய குரங்குகள் அபிஷேகப் பாறையையும் குடுக்கைகளையும் பார்த்தன. தண்ணீரைக் குடித்தது யாரென்று அப்போதுதான் அவற்றுக்கு உறைத்தது. மழை வரும்வரை குளத்துச் சேற்றை அவையே வாரிப் போட்டன. ஊற்று மறுபடி கசிந்தது. முள்ளாச்சியின் குட்டிகள்தான் முதலில் குடித்தன.

குகையை மூடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மூடினால் முள்ளாச்சி சும்மா இருப்பாளா? செம்பனும் கின்னரியும் இப்போதும் படம் போடுகிறார்கள். முள்ளாச்சி இப்போதும் முதல் வரிசைதான், விசிலும் அதே விசில்தான். படம் முடிந்ததும் மட்டும் எழுந்து திரும்பி நின்று, "கடைசியில கரைமேல உட்கார்ந்தது யாரு?" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் அந்தக் காட்டில் யாரும் குகையை விட்டு வெளியே போவதில்லை.

நீதி: படம் பார்த்துக் கைதட்டுவதில் தவறில்லை, அது யாரை வெறுக்கச் சொல்கிறது, யாரைக் கும்பிடச் சொல்கிறது என்று கேட்காமல் கைதட்டினால், நம் கையே நம்மை அடிக்கும்.