கவுண்டரை எப்போது படிப்பது

செலினை அந்த அலுவலகத்தில் குரு என்பார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளிடம் பாடம் கேட்க வந்த தணிகைவேலுக்கு அவளுடைய சித்தப்பா வயது. பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து, அதை மூடியபின் இந்த வேலைக்கு வந்தவர்.

நோயாளியின் இதயத்துடிப்பைக் கவனிக்கும் கருவிக்கு அவர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பிராசஸர் எனும் செயலி தன் அருகில் வைத்திருக்கும் சின்ன நினைவகம் கேஷ்; புதிது நிறைய வந்தால் அதில் இருந்த பழையது வெளியேறிவிடும். தேடியது அங்கே கிடைக்காவிட்டால் தூரத்து நினைவகத்துக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டங்களை எண்ணச் செயலிக்குள்ளேயே கவுண்டர்கள் உண்டு. அவர் புரோகிராமுக்கு அந்த எண் தலைசுற்றும்படி வந்தது. சாயங்காலத்துக்குள் குறையாவிட்டால் புரோகிராம் குப்பைக்குப் போகும். பின்னாலேயே தானும் போக வேண்டியிருக்கும் என்று அவர் பயந்தார்.

"எங்க தப்புன்னே தெரியல மேடம். ஒவ்வொரு துடிப்புக்கும் கவுண்டரைப் படிச்சுப் படிச்சுச் சேத்து வெச்சிருக்கேன்."

செல்போன் அடித்தது. மகளாக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தார். அவள் அன்றுதான் முதன்முறையாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வேலூருக்குப் போகிறாள். ஆனால் பேசியது மேனேஜர். முடிந்ததா என்று கேட்டார்.

"எங்க விட்டேன்?" என்று திரும்பி உட்கார்ந்தார். பாதி சொல்வதற்குள் மறுபடி மேனேஜர்.

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா மனுஷன் எப்ப வேலை பாக்குறது? மண்டைல இருந்ததெல்லாம் போயிடுச்சு."

செலின் சிரித்தாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அவருடைய புரோகிராமை எடுத்துவிட்டு, கவுண்டரைப் படித்துச் சேர்க்கும் வரிகளை மட்டும் ஓடவிட்டாள்.

எண் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்தது.

தணிகைவேல் திரையையே பார்த்தார். "புரோகிராமே இல்லையே மேடம்."

"இல்லதான்."

"அப்போ கேஷை ரொப்பினது நான் படிச்சுச் சேத்ததுதானா?"

செலின் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

கவுண்டரைப் பூஜ்யத்தில் வைத்தார். புரோகிராமை ஓடவிட்டார். நடுவில் ஒரு தடவைகூடப் படிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சில நிமிஷமும் அவருக்கு முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஓடி முடிந்ததும் ஒரே ஒரு முறை படித்தார்.

கைவிரலில் எண்ணிவிடலாம் போல அவ்வளவு குறைவு.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. மேனேஜருக்குத் தானே போன் செய்து முடிந்தது என்றார். வைத்த கையோடு வேறொரு எண்ணைத் தேடினார்.

"யாருக்குண்ணா?"

"பொண்ணுக்குத்தான். எங்க வரைக்கும் போயிருக்கான்னு கேக்கறேன். காலைலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"இப்ப ஓட்டிட்டு இருக்காளா?"

"ஆமா."

"போய்ச் சேரட்டும்ணா. அவளே கூப்பிடுவா."