வெள்ளைப் பொட்டலம்

மருதையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்பதைத் தாண்டிய மனுஷன், மனைவியை இழந்து தனியாகக் கிடந்தவன், இப்போது ஆற்றங்கரைக்கும் ஆசிரமத்துக்கும் நடையாய் நடக்கிறான்.

பரிசல் ஓட்டும் பொன்னுருவி மேல் ஆசை. நேற்று அவளுக்குக் கண்ணாடி வளையல் கொண்டுபோனான், பட்டுத் துணியில் சுற்றி, ஜரிகை நாடா கட்டி. அவள் அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு அவ தன் அண்ணனோட ஊருக்கே போயிடப் போறாம்மா," என்றான் குருவிடம். "போனா திரும்ப மாட்டா. சாயங்காலம் கடைசியா ஒரு தடவை கேக்கப் போறேன். என்ன கொண்டுபோகட்டும், சொல்லுங்க."

குரு செல்லாயம்மாள் அவனைவிட வயதில் சின்னவர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "வா," என்று ஓடைக்குக் கூட்டிப் போனார்.

தண்ணீருக்கு மேலே பூச்சிகள் கூட்டமாய் ஆடிக்கொண்டிருந்தன. பலவற்றின் காலில் வெள்ளையாய் ஒரு பொட்டலம்.

"ஆம்பளைப் பூச்சிங்க. கொசுவைப் பிடிச்சு, தானே நூல் விட்டுச் சுத்தி, சீர் கொண்டு வருதுங்க. பொண்ணு அதைப் பிரிச்சுத் தின்னும்போதுதான் கல்யாணம்."

மருதையன் ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டான். வேட்டி நனைந்தது கூடத் தெரியவில்லை.

"அம்மா, அந்தப் பெரிய பொட்டலக்காரனைப் பாருங்க. பொண்ணு வந்துட்டா. வாங்கிட்டா. பிரிக்கிறா, பிரிக்கிறா..."

பெண் பூச்சி பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பறந்துபோனது. மருதையன் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தான்.

"அடப்பாவி, உள்ளே ஒண்ணுமே இல்ல. வெறும் நூலைச் சுத்திக் கொண்டுவந்து ஏமாத்தப் பாத்திருக்கான்." கொஞ்சம் யோசித்தான். "என்னோடதுல நிஜமாவே வளையல் இருந்துச்சும்மா."

"இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு அவ எப்படித் துடுப்புப் போடுவா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

"அண்ணன் ஊருக்கு எதுக்குப் போறாளாம்?" என்றார் குரு.

"பரிசல்ல ஓட்டை. தண்ணி ஏறுது. பரிசல் போச்சுன்னா இங்க பிழைப்பு இல்லைன்னு சொன்னா."

"எப்பச் சொன்னா?"

"நேத்துதான். பொட்டலத்தை அவிழ்த்துக்கிட்டே..."

பாதியில் நிறுத்திவிட்டான். மறுநிமிஷம் ஆள் அங்கே இல்லை, ஈர வேட்டியோடு வீட்டைப் பார்த்து ஓட்டம்.

திரும்பி வரும்போது ஒரு கையில் தார்ச்சட்டி, கூரை ஒழுகலுக்கு வாங்கி வைத்திருந்தது. இன்னொரு கையில் அந்தப் பட்டுத் துணி. மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, சட்டியை இதே பட்டுல சுத்தி, நாடா கட்டிக் கொண்டுபோனா பாக்க நல்லா இருக்கும்ல?"

குரு பொழுதைப் பார்த்தார்.

"அவ அவிழ்த்து முடிக்கிறதுக்குள்ள பரிசல் முழுகிடும். பட்டைக் கிழிச்சு எடுத்துட்டுப் போ. தாருல முக்கி ஓட்டையில ஒட்ட ஆகும்."