நடுக்கோட்டை மறைத்த சடையாண்டார்

திருமணற்குன்றத்துக் கோயில் சுவர்ச் சித்திரங்களுக்கு வண்ணம் அரைத்துப் பூசுவதே சடையாண்டாரின் தொண்டு. கோடு வரைகிறவர் வேறு. அவர் வேதவனர், அந்த வட்டாரமே அறிந்த கை. சடையாண்டார் விடியலில் நீராடி, நீறு பூசி, ஐந்தெழுத்தை ஓதியபடியே கல் அரைப்பார். காவிக்கல்லுக்கு ஓர் அம்மி, பச்சைக்கல்லுக்கு ஓர் அம்மி. முன்பு பச்சையை அரைத்தவர் அவருடைய மனைவி நங்கையார். காய்ச்சலில் அந்த அம்மையார் இறந்தபின் இரண்டையும் இவரே அரைத்தார்.

"ஒத்தையாளுக்கு எதுக்குய்யா ரெண்டு அம்மி?" என்று மடைப்பள்ளியில் கேலி பேசுவார்கள். நரம்பில்லாத நாக்கு, பேசிவிட்டுப் போகட்டும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

குடமுழுக்கு நெருங்கியது. பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் அம்மையப்பரை வேதவனர் பெரிய சுவரில் வரைந்தார். உச்சியிலிருந்து பாதம்வரை நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை. கோட்டை மீறி வண்ணம் பூசியவன் அந்தக் கோயிலில் மறுபடி தூரிகை தொடக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் கட்டுப்பாடு.

இது தெரியாதவரா சடையாண்டார்? தெரிந்தும், நடுக்கோட்டருகே வந்தபோது அவர் கை நின்றுவிட்டது. இவர்களுக்கு நடுவிலுமா ஒரு வேலி என்று மனம் பதறியது. கண்ணீர் வழிய, சிவப்பையும் பச்சையையும் தொட்டுக்கொள்ளும்படி பூசிவிட்டார். கோடு மறைந்துபோயிற்று.

வேதவனர் வந்து பார்த்தார். "கோடு எங்கய்யா?"

"மூடிட்டேன் ஐயா. பிரிஞ்சிருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். அவங்களப் பிரிக்க மனசு வரல."

"உம்ம துக்கத்தைச் சுவத்துல பூசினீரா? நாளைக்குக் குடமுழுக்கு. இனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதேயும்."

நங்கையாரை இழந்த துயரத்தை அந்தக் கோயிலில்தான் அவர் ஆற்றிக்கொண்டிருந்தார். அதுவும் போனால் எங்கே போவார், பாவம். ஆனாலும் தூரிகையை வைத்துவிட்டு, "உன் சித்தம்" என்று கருவறையை நோக்கிக் கும்பிட்டு, கோபுரத்துக்கு வெளியே போய் நின்றார்.

வேதவனர் மையைத் தொட்டு நடுக்கோட்டை மறுபடி இழுத்தார். மை ஏறவில்லை. அதே தூரிகையால் அம்மையின் கைவிளிம்பை வரைந்தார். கோடு பளிச்சென்று விழுந்தது. நடுவே வந்தால் மட்டும் வெறும் ஈரம். அவர் திகைத்து நிற்க, கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"வேதவனா, உன் கோட்டினால் உருவம் பெற்றோம், சடையாண்டானின் வண்ணத்தால் ஒன்றாய் நின்றோம். சுற்றிலும் எழுது, நடுவே வேண்டா. வெளியே நிற்பவனை அழைத்து வா. அவனுடைய நங்கை நம்மிடம் நலமாக இருக்கிறாள் என்றும் சொல்."

வேதவனர் கையில் மையோடு வெளியே ஓடினார். "உள்ள வாரும் சடையாண்டாரே. நீர் பூசினது சரிதான்னு சாமியே சொல்லிட்டார். உம்ம வீட்டம்மா அவர்கிட்ட நல்லா இருக்காங்களாம்."

சடையாண்டார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நெஞ்சில் இத்தனை காலம் கிடந்த பாரம் இறங்கியது. வேதவனரும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அந்த ரெண்டு அம்மியும் இருக்கட்டும். அடுத்த சுவத்துக்கு நானும் வந்து பச்சை அரைக்கிறேன்" என்றார்.

கோட்டை மறைத்து இறைவனைக் காட்டிய சடையாண்டாரின் கைகளை நாமும் வணங்குவோம்.