இலவமரத்துக் கூச்சலும் கரடியின் தேனும்

ஒரு காட்டில் தேன் விஷமாகிப் போயிற்று. கரடிகளின் கிடங்கில் வாங்கிய தேனை நக்கிய குரங்குக் குட்டி சுருண்டு விழுந்தது.

காரணம் கிடங்குத் தலைவனான கரும்பன் என்ற கரடிக்குத் தெரியும். எட்டிக்காய் போட்டு வைத்திருந்த குடுக்கையைக் கழுவாமல் அதில் தேனை ஊற்றிவிட்டார்கள்.

அந்தக் காட்டில் எந்தச் செய்தியும் இலவமரத்துக்குப் போய்விடும். பறவைகள் கூடிக் கத்தும் இடம் அது. ஒரு கிளை சொன்னதை அடுத்த கிளை இன்னும் உரக்கச் சொல்லும்.

காலையில், "தேனில் என்ன கலந்தது?" என்று பறவைகள் கேட்டன. நியாயமான கேள்வி. கிடங்கிலிருந்து பதில் வரவில்லை.

உச்சிவேளையில், "கரடிகள் வேண்டுமென்றே செஞ்சிருக்கு!" என்றது காகம்.

பொழுது சாய்வதற்குள், "உங்க தாத்தா முட்டை திருடினாரே, அதைப் பேசு!" என்று பறவைகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. குட்டியை எல்லோரும் மறந்தார்கள்.

"வாயைத் திறக்காதீங்க அண்ணாச்சி," என்று கரும்பனிடம் சொன்னது அதற்கு யோசனை சொல்லும் நரி. "திறந்தா கிடங்கு போச்சு. நான் பாத்துக்கிறேன்."

நரி மைனாக்களுக்குப் பழம் கொடுத்துப் பாடம் சொல்லிவைத்தது. மறுநாள் மரத்தில் முதல் மைனா கூவியது: "கரடித் தேன் போல உண்டா! இதைச் சத்தமா சொல்லு, சிரிச்சுக்கிட்டே சொல்லு."

அடுத்த மைனாவும் அதையே கூவியது. அதற்கடுத்ததும் அதையே.

மரமே குலுங்கிச் சிரித்தது. "ஆளுக்கு எத்தனை பழம்டா?" என்றது காகம்.

அப்போது தாய்க் குரங்கு கிடங்குக்கு வந்தது.

"மாமா, குட்டிக்கு எந்த மருந்தும் பலிக்கல. என்ன விஷம்னு தெரியாம இனி மருந்து கொடுக்க முடியாதுன்னு உடும்பு வைத்தியர் கையை விரிச்சிட்டார். நான் திட்ட வரல. தேன்ல என்ன இருந்துச்சு?"

நரி கரடியின் காலைச் சுரண்டியது. "மானம் போயிடும் அண்ணாச்சி."

"அது நேத்தே போயாச்சு. நகரு," என்றது கரும்பன். "எட்டிக்காய், தாயி! ஓடு, வைத்தியர்கிட்டே சொல்லு!"

பிறகு முள் குத்தியதையும் பாராமல் இலவமரத்தில் ஏறியது.

"குடுக்கையைக் கழுவாதது எங்க தப்பு. மீதித் தேனை யாரும் தொடாதீங்க. கிடங்கை மூடிட்டேன்."

"இதை நேத்தே சொல்லியிருந்தா என்ன?" என்றது காகம்.

"பயம்."



சாயங்காலம் குட்டி கண் திறந்து வாழைப்பழம் கேட்டது. மருந்து கொடுத்தது உடும்பு. அந்த மருந்துக்கு வழி சொன்னது கரும்பன்.

நீதி: தப்பு உன்னுடையதானால் முதலில் நீயே சொல், தாமதித்தால் ஊர் கதை கட்டும், அடிபட்டவனை மறந்துவிடும்.