நீலப் பட்டுச் சீமாட்டி

பாரிஸ் வானத்தில் ரயில் புகை படிய ஆரம்பித்திருந்த காலம். காஸ்பார் என்று ஒரு பழைய துணி வியாபாரி, முன்கோபக்காரன். நூறு வருஷத்துக்கு முந்தைய சீமாட்டிகளின் பட்டு அங்கிகளைத் தேடிப் பிடித்து ஓவியர்களிடம் தள்ளிவிடுவான். அந்தக் காலத்தைக் காட்டும் படங்களுக்குத்தான் அப்போது கிராக்கி. மாவு தூவிய பொய்முடி, சாக்லேட் கோப்பை, வேலைவெட்டி இல்லாத மனிதர்கள்.

ஓவியர் ஒர்த்தான்ஸ் அம்மையார் முன் ஒருநாள் நீல அங்கி ஒன்றை விரித்தான்.

"என்ன விலை?"

"காசு வேண்டாம் அம்மணி. எனக்கு வரையக் கற்றுக்கொடுங்கள்."

அவனுக்கு நாற்பத்தைந்து வயது. அம்மையார் பத்து வயது இளையவர்.

"உங்கள் கோபத்துக்குத் தூரிகை அடங்காதே."

"முரட்டுக் குதிரையே என்னிடம் அடங்கியிருக்கிறது."

சிரித்தார். சேர்த்துக்கொண்டார்.

மூன்று வருஷம் ஓடியது. அவனுடைய முதல் படம் மறுநாள் காலை கண்காட்சித் தேர்வுக்குப் போகவேண்டும். தேறினால் ஓவியன். தவறினால் பழையபடி துணி மூட்டை. முகமும் கையும்தான் பாக்கி. அதற்காகச் சலவைக்காரி மார்த்தா நீல அங்கியில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா உட்கார், மார்த்தா!"

"சும்மாத்தானே இருக்கேன் அண்ணே."

"கையைப் பிசையாதே. நீ சீமாட்டி. உனக்கு வேலையே கிடையாது."

"அது எப்படி இருக்கும் அண்ணே?"

பன்னிரண்டு நாளாக இதே பாடு. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அவள் விரல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருந்தன.

காஸ்பார் தூரிகையைத் தரையில் அடித்தான். குருவிடம் திரும்பினான்.

"எல்லாம் பொய் அம்மணி! இந்தச் சீமான்கள் சாக்லேட் குடித்தபோது என் பாட்டன் புல்லை அவித்துத் தின்றான். இந்தப் படத்தில் இருக்கிற சுகமான காலம் எப்போது இருந்தது? யாருக்கு இருந்தது? சொல்லுங்கள்!"

குரு உதட்டில் விரல் வைத்தார்.

மார்த்தா தூங்கிப்போயிருந்தாள். விடியுமுன் ஆற்றங்கரையில் மண்டியிட்டுத் துவைக்க ஆரம்பித்தவள்.

"ஐயோ, வெளிச்சம் போகிறதே!"

எழுப்பப் போனவனைக் குரு மறித்தார். தம் சால்வையை அவள் கால்மேல் போர்த்தினார். கீழே கிடந்த தூரிகையை எடுத்துத் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"மெதுவாகப் பேசுங்கள். சீமாட்டி தூங்குகிறாள்."

அப்போதுதான் அவன் பார்த்தான். நெற்றிச் சுருக்கத்தைக் காணோம். விரல்கள் விரிந்து பட்டின்மேல் கிடந்தன. சவுக்காரம் தின்று சிவந்து வெடித்த விரல்கள்.

பழக்கத்தில் தூரிகை வெள்ளைக்குப் போனது. நின்றது. சிவப்பைத் தொட்டது.

ஜன்னல் மங்கும்போது மார்த்தா பதறி எழுந்தாள்.

"கெடுத்துட்டேனா அண்ணே?"

அவன் விலகி நின்றான். அவள் படத்தருகே வந்தாள்.

"யாரு இந்த அம்மா? கொடுத்துவச்சவ. என்னமாத் தூங்குறா..." கை வரையில் பார்வை இறங்கியது. தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். "அட!"

முதலில் நன்றி சொன்னவன் பேரத்தில் தோற்றான் என்பது சந்தையில் காஸ்பார் அடிபட்டுக் கற்ற பாடம். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

தொப்பியைக் கழற்றினான்.

"நன்றி, மார்த்தா."

"தூங்கினதுக்கா!" சிரித்துக்கொண்டே அங்கியை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

காஸ்பார் வெகுநேரம் படத்தையே பார்த்திருந்தான்.

"தேறுமா அம்மணி?"

"தெரியாது."

"நான் கேட்ட கேள்விக்காவது பதில் சொல்லுங்கள். அப்படி ஒரு காலம் இருந்ததா?"

குரு நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்தார். அதில் இன்னும் சூடு இருந்தது. நிதானமாக மடித்தார்.

"நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்ததா, எனக்குத் தெரியாது. இன்றைக்கு அரை மணி நேரம் இருந்தது."