மீட்டிங் மேசையில் ஒரு மணி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் குழந்தைவேலு மேனேஜர். தியானம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டவர் சும்மா இருப்பாரா? காலை மீட்டிங் மேசையில் ஒரு பித்தளை மணியை வாங்கி வைத்துவிட்டார். அவர் மணி அடித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்க வேண்டும்.

அதுவரை சந்தைக்கடையாக இருந்த மீட்டிங் அடங்கிப்போனது. மனுஷருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலு, தனக்குத் தியானம் சொல்லித்தரும் திலகவதி டீச்சர் வீட்டுக்கு முகம் வாடி வந்தார். டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். தியான வகுப்பில் அடிக்கும் மணி டீச்சர் பக்கத்தில் இருந்தது.

"மீட்டிங்ல இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூட வெக்கலாங்களா டீச்சர்? இப்ப இருக்கறது பத்தலீங்க."

"என்ன ஆச்சு?"

"கட்டிங் மாஸ்டர் மயில்சாமி வேலைய விட்டு நிக்கறேன்னுட்டானுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல துணி வெட்டுனவங்க."

"ஏனாம்?"

"பனியன் துணிய விரிச்சுப் போட்டு ஆற விடணுங்க. இல்லாட்டி தைச்சப்புறம் சுருங்கிப்போகும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவசர ஆர்டர்னு ஆறப்போடாமயே வெட்டியாச்சுங்க. அத்தனை சட்டையும் குட்டையாப் போச்சு. ஏன்டா முன்னாடியே சொல்லலைன்னு கேட்டா..."

டீச்சர் மணியை எடுத்து அடித்தார்.

குழந்தைவேலு பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"கேட்டா, அவன் என்னடான்னா..."

மறுபடி மணி. மறுபடி மூடினார், திறந்தார். டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க. நாளைக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடறேங்கறான். அவன் இல்லாம நான் அந்தக் கம்பெனில..."

மணி.

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை.

"என்னங்க டீச்சர் இது? மனுசன் சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விடமாட்டீங்களா?"

டீச்சர் மணியைக் கீழே வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க. மயில்சாமி என்ன சொன்னாரு?"

குழந்தைவேலு அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி ஆறலைன்னு மீட்டிங்ல ஆரம்பிச்சேன், நீ மணி அடிச்சுட்டேன்னு சொன்னானுங்க."

"ஏன் அடிச்சீங்க?"

"அவன் குரல் ஏறுச்சுங்க. சண்டையாயிடும்னு பட்டுது."

"அடிச்சப்புறம் அமைதியா இருந்துச்சா?"

"எனக்கு இருந்துச்சுங்க."

டீச்சர் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப மீட்டிங்ல மணியே வேண்டாங்களா டீச்சர்?"

"இருக்கட்டும். நாளைக்குக் காலைல அதை மயில்சாமி கையில குடுங்க."

"குடுக்கறேனுங்க. எப்ப அடிக்கணும்னு அவங்கிட்டச் சொல்லட்டுங்க?"

"அவர் பேசி முடிக்கறதுக்குள்ள நீங்க வாயைத் திறந்தா."