கவிழாத படகில் மூன்று தோல்விகள்

ஃப்ளாவியாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் பாய்ப்படகு கற்றுக்கொள்ளும் பொன்னுத்துரைக்கு ஐம்பத்தேழு. குரு இளையவள், சீடர் மூத்தவர். தூத்துக்குடியில் எங்கள் சங்கத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கடலில் யார் முன்னால் போகிறாரோ அவர் குரு, அவ்வளவுதான். நான் எல்லோருக்கும் பின்னால் போகிறவன். அதனால் என் கையில் ஒரு விசிலையும் கொடியையும் கொடுத்து, போட்டி நடத்தும் படகில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அது ஆடி மாதம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பொன்னுத்துரையின் டிங்கி மூன்று முறை கவிழ்ந்தது. நான் விசில் ஊதி, கொடியை இறக்கி, டீயும் குடித்து முடித்த பிறகுதான் அவர் நொண்டிக்கொண்டு கரையேறினார்.

டிங்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு லேசான சின்னப் படகு. அடியில் கனம் கிடையாது, ஓட்டுகிறவரின் உடம்புதான் கனம். காற்று பாயை அமுக்கும்போது உள்ளே இருக்கும் வாரில் பாதத்தை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் வெளியே தள்ளி, வானத்தைப் பார்த்துத் தொங்க வேண்டும். இருபது வயதில் அது சுகம். ஐம்பத்தேழில் முட்டி சும்மா இருக்குமா?

"கோச்சு, ஒரு சந்தேகம்" என்றார் பொன்னுத்துரை.

"கேளுங்க அண்ணாச்சி."

"முட்டி இல்லாம டிங்கி ஓட்ட ஏதாச்சும் வழி இருக்கா?"

"இல்ல."

இப்படிப் பட்டென்று சொல்வாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசிப்பது போலவாவது நடித்திருக்கலாம்.

"இனிமே தொங்கவே கூடாதுங்காரு டாக்டர்."

"அப்ப தொங்காதீங்க."

"தொங்காம எப்படி ரேஸ் விட? ரேஸ் இல்லன்னா நான் என்ன செய்ய? முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எனக்குக் கடல்தான். வீட்டுல உக்காந்து டிவியில சமையல் பாக்கச் சொல்லுதியளா?"

ஊரையே கேலி பேசுகிற மனிதர். கடல் கையை விட்டுப் போய்விடுமோ என்று அன்றைக்கு உண்மையாகவே பயந்து போயிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஃப்ளாவியா படகுத்துறைப் பக்கம் மோவாயைக் காட்டினாள். அங்கே ஒரே அச்சில் வார்த்த இரண்டு குட்டிக் கீல் படகுகள் கட்டிக் கிடந்தன.

"ஐயோ, அது பென்ஷன் படகுல்லா!"

"பேரு வச்சது யாரு?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "பொன்னுத்துரை அண்ணாச்சிதான்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

இரண்டு வருடம் முன்னால் அந்தப் படகுகள் வந்து இறங்கிய அன்றே அவர் வைத்த பேர் அது. வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். கயிறெல்லாம் மடிக்குப் பக்கத்தில். அடியில் ஈயம் வைத்த ஒரு கனத்த தகடு, அதுதான் கீல், நிரந்தரமாகத் தொங்கும். ஆள் தொங்க வேண்டாம், ஈயம் தொங்கிக்கொள்ளும். வெளியே தெரிவது தலையும் தொப்பியும்தான். பார்த்தால் குளியல் தொட்டியோடு மிதந்து போகிற ஆள் போல இருக்கும்.

"அதுல போய் உக்காந்தா ஒரு பய என்னை மதிப்பானா?"

"ஒண்ணு செய்யுங்க. அந்தப் படகைக் கவுத்துக் காட்டுங்க. கவுத்துட்டா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பொன்னுத்துரைக்கு முட்டி மறந்துபோயிற்று. எண்பத்தாறு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு படகின் விளிம்பில் ஏறி நின்றார். படகு சாய்ந்தது. அவர் உள்ளே தடுமாறியதும் எழுந்து நின்றது. பாய்மரத்தின் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். சாய்ந்தது, எழுந்தது. பக்கத்து வள்ளத்தில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். டீக்கடைக்காரர் ஓடி வந்து யோசனை சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தக் கோடியிலருந்து ஓடி வந்து குதிங்க!"

ஓடி வந்து குதித்தார். படகு நன்றாகச் சாய்ந்து, அவரைக் கடலில் கொட்டிவிட்டு, நிமிர்ந்துகொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். படகுக்குத்தான்.

மேலே ஏறி, மூக்கில் போன உப்புத்தண்ணீரைச் சீந்திவிட்டுக் கேட்டார்: "கவுறாத படகுல என்ன கோச்சு வீரம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. கிளாடிஸ் அக்காகூட மூணு ரேஸ்."

ஜெயகிளாடிஸ் அக்கா தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு, எடை நாற்பத்து மூன்று கிலோ, விரல்களில் வாதம். டிங்கியில் ஒரு நாளும் ஏறினதில்லை. படகு என்றால் அவருக்கு இந்தக் கீல் படகுதான், அதுவும் இரண்டு வருடமாகத்தான்.

"பாவம் அந்த அக்கா" என்றார் பொன்னுத்துரை.

சொன்னதை நான் மறக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அக்காவின் படகில் ஈயக்கட்டிகளை ஏற்றி, இரண்டு படகும் ஒரே கனமாக இருக்கும்படி ஃப்ளாவியா செய்திருந்தாள். நான் விசில் ஊதினேன்.

முதல் போட்டி. பொன்னுத்துரைதான் முன்னால். திரும்பி வரும் வழியில் ஒரு மணல் திட்டு உண்டு. டிங்கிக்காரர்கள் எல்லோரும் அங்கே படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைக் கையால் மேலே இழுத்துவிட்டு, திட்டின் மேலேயே குறுக்கே வந்துவிடுவார்கள். முப்பது வருடப் பழக்கம். இவரும் குறுக்கே வந்தார். 'டொக்' என்று ஒரு சத்தம். கீல் மணலில் குத்தி, படகு நட்டு வைத்த மாதிரி நின்றது. அக்கா சுற்றிக்கொண்டு வந்து ஜெயித்தார். மீட்புப் படகு போய் இவரைப் பிடுங்கி எடுத்தது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"பலகையைத் தூக்கக் கையை விட்டேன் கோச்சு. பலகையைக் காணும்."

இரண்டாவது போட்டி. மறுபடி அவர்தான் முன்னால். திடீரென்று ஒரு காற்று வந்து மோதியது. அவர் நினைக்கும் முன்னே உடம்பு தானாக வெளியே பாய்ந்தது. வயிறு விளிம்பில், தலை கடல் பக்கம், கால் இரண்டும் உள்ளே இல்லாத வாரைத் தேடித் துழாவின. கையிலிருந்த கயிறு நழுவி, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை கூத்துக்கும் படகு ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்தில் கடந்துபோன கிளாடிஸ் அக்கா மெய்யான கவலையோடு கேட்டார்.

"தம்பி, தண்ணிக்குள்ள என்னத்தையும் போட்டுட்டீங்களா?"

எனக்கு விசிலை வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சிரிப்பு.

கரைக்கு வந்ததும் பொன்னுத்துரை அடித்துச் சொன்னார்: "அவுக படகுல ஏதோ விசேஷம் இருக்கு. மாத்தித் தாங்க."

மாற்றினோம். ஈயக்கட்டிகளை இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தூக்கி வைத்தது நான். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது போட்டியில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. திட்டுப் பக்கம் போகவில்லை, வெளியே பாயவில்லை. நன்றாக உட்கார்ந்து நன்றாக ஓட்டினார். எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேராகப் போகாது, ஏதாவது ஒரு பக்கமாக வளைந்துதான் ஏற வேண்டும். கிளம்பியதும் அவர் தெற்கே போனார், அக்கா வடக்கே போனார். வடக்கே தண்ணீர் கறுத்துச் சுருங்கி வந்தது. காற்று வருகிறது என்று அதற்கு அர்த்தம். எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா நாற்பது வினாடி முன்னால் வந்து சேர்ந்தார்.

"நல்லா விட்டீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பொன்னுத்துரை பாயை இறக்கி, படகைத் துறையில் கட்டினார். ஆனால் இறங்கவில்லை. காலை நீட்டியபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஃப்ளாவியா துறையின் ஓரத்தில் வந்து குந்தினாள்.

"ரேஸ் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. ஏறி வாங்க."

"படகு ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"கனம்?"

"ஒண்ணுதான்."

"காத்து?"

"ஒரே கடல்ல ரெண்டு காத்தா இருக்கும்?"

அவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"வடக்கே தண்ணி கறுத்து வந்துச்சே, பாத்தியளா கோச்சு?"

"பாத்தேன்."

"அக்காவும் பாத்துட்டாக. நான் மட்டும் பாக்கல. காலை நீட்டி ராசா மாதிரி உக்காந்திருக்கேன், வேற சோலி கிடையாது, கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இருந்தும் தெக்கே போயிட்டேன்."

"ஏன் போனிய?"

"எப்பவும் தெக்கேதான் போவேன்."

"முன்னெல்லாம் தெக்கே போய்த் தோத்தா என்ன சொல்லுவிய?"

"முட்டிம்பேன்."

"முட்டி வலிக்க முன்னாடி?"

"கனம் பத்தலைம்பேன். கனம் கூடுனதும், கனம் கூடிப்போச்சும்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. நான் கொடியைச் சுருட்டுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முப்பது வருஷமா தோத்திருக்கேன் கோச்சு. ஒருநாளும் இப்படி வலிச்சதில்ல."

"முட்டியா?"

"முட்டின்னா பரவால்லியே! முட்டி நல்லா இருக்கு. அதான் வலிக்கு."

ஃப்ளாவியா எழுந்து படகின் கட்டை அவிழ்த்தாள். கயிற்றை அவர் மடியில் போட்டாள்.

"முட்டி வலின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி, டாக்டர்கிட்டதான் போகணும். இந்த வலிக்குத்தான் நான் இருக்கேன். பாயை ஏத்துங்க."